எந்தத் தெர்மோஸ்டாட் உங்கள் வீட்டுக்கு? டொராண்டோ பக்கத்து வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

டொராண்டோ பக்கத்தில் வீடு வைத்திருப்பவர்கள் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட், அதாவது வீட்டின் சூட்டையும் ஏசியையும் கைபேசியிலிருந்தும் இயக்க விடுகிற சுவர்க் கருவி, வாங்கக் கிளம்பினால் முதல் கேள்வியே "நெஸ்டா, ஈகோபீயா?" என்றுதான் இருக்கும். உண்மையில் அது கடைசியாகக் கேட்க வேண்டியது. வீட்டைச் சூடாக்குவது எது, சுவருக்குள் எத்தனை வயர் வருகிறது, பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள், குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போவீர்களா, பேஸ்மென்டில் ஆள் குடியிருக்கிறார்களா? இவற்றுக்குப் பதில் தெரிந்துவிட்டால் பிராண்ட் தானாக முடிவாகிவிடும். சிலருக்கு ஒன்றும் வாங்க வேண்டாம் என்றுகூட முடிவாகும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைபேசியிலிருந்து சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வசதி பணத்தை மிச்சம் பிடிக்காது. மிச்சம் பிடிப்பது நேர அட்டவணை. அதைப் பழைய நாற்பது, ஐம்பது டாலர் புரோகிராமபிள் தெர்மோஸ்டாட்டும் செய்யும். தூரத்திலிருந்து இயக்குவதற்கென்று கூடுதலாகப் பணம் கொடுப்பதில் அர்த்தமுள்ள வீடுகள் இரண்டு வகை: குளிர்காலத்தில் வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடு, அறைக்கு அறை சூடு மாறுபடுகிற வீடு.

தெர்மோஸ்டாட் என்பது அடிப்படையில் ஒரு சுவிட்ச். அறையின் வெப்பநிலை நீங்கள் வைத்த அளவுக்குக் கீழே போனால் இரண்டு மெல்லிய வயர்களை இணைக்கிறது, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் எரியத் தொடங்குகிறது. சூடு ஏறியதும் பிரிக்கிறது, அணைகிறது. ஹனிவெல் 1953இல் கொண்டுவந்த அந்த வட்டத் தெர்மோஸ்டாட் செய்ததும் இதையேதான். ஒரே வேகத்தில் மட்டும் எரிகிற சாதாரண ஒற்றை நிலை ஃபர்னஸில் 28 என்று திருகி வைத்தால் வீடு சீக்கிரம் சூடாகாது. 21க்கு வைத்தாலும் அதே வேகம்தான். வெளியிலிருந்து நடுங்கிக்கொண்டு வருகிற பெரியவர்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், யாரும் நம்ப மாட்டார்கள். ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் வந்தாலும் இந்தச் சண்டை தீராது, கைபேசிக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

முதலில் ஃபர்னஸ் பக்கம் போங்கள்

ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் பக்கத்துத் தனி வீடுகளிலும் டவுன்ஹவுஸ்களிலும் பெரும்பாலும் கேஸ் ஃபர்னஸ், அதன் மேல் சென்ட்ரல் ஏசி. இதன் கட்டுப்பாட்டு வயர்களில் 24 வோல்ட் மின்சாரம்தான் ஓடுகிறது. நெஸ்ட், ஈகோபீ, ஹனிவெல் ஹோம், சென்சி எல்லாம் இந்த அமைப்பை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. உங்கள் வீடு இதுவென்றால் அடுத்த பகுதிக்கு நேராகப் போகலாம்.

சுவரோரமாக நீளமான மின்சார ஹீட்டர்கள் இருக்கிற வீடு வேறு கதை. பேஸ்போர்டு ஹீட்டருக்கு வருவது 240 வோல்ட். பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பார்த்தால் மெல்லிய வயர்களுக்குப் பதில் இரண்டோ நான்கோ தடித்த வயர்கள், முனையில் தொப்பி போட்டு முறுக்கியிருக்கும். அங்கே நெஸ்டையோ ஈகோபீயையோ மாட்டவே கூடாது. இதற்கென்றே நியூஃபவுண்ட்லாந்தின் மைசா, கியூபெக்கின் சினோப்பே போன்ற நிறுவனங்கள் தனித் தெர்மோஸ்டாட் செய்கின்றன. ஒரு தொல்லை என்னவென்றால் ஒவ்வோர் அறைக்கும் ஒன்று வேண்டும், ஐந்து அறை என்றால் ஐந்து. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றத் தேவையில்லை. அதிக நேரம் எரிகிற ஹால், பெரிய படுக்கையறை இரண்டுக்கும் மட்டும் போட்டுவிட்டு ஒரு குளிர்காலம் பார்க்கலாம். கேஸ் சூட்டைவிட இந்த மின்சாரச் சூடு விலை கூடியது என்பதால், குறைக்கிற ஒவ்வொரு டிகிரியும் பில்லில் தெரியும்.

காண்டோவில் இருப்பவர்கள் எதையும் வாங்குமுன் கட்டட நிர்வாகத்திடம் கேளுங்கள். பல கட்டடங்களில் ஃபேன் காயில் அமைப்பு. சூடான நீரையோ குளிர்ந்த நீரையோ கட்டடம்தான் அனுப்புகிறது. சூட்டுக்கும் குளிருக்கும் ஒரே குழாய் வரிசையைப் பயன்படுத்துகிற இரண்டு குழாய்க் கட்டடமானால் பருவத்துக்கு ஒருமுறை அவர்கள் மாற்றும்வரை உங்கள் கைபேசி எவ்வளவு கெஞ்சினாலும் ஏப்ரலில் ஏசி வராது. சில கட்டடங்களில் தெர்மோஸ்டாட்டுக்கே 120 வோல்ட் வரும்.

ஹீட் பம்ப், அதாவது வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்து உள்ளே தருகிற மின்சார இயந்திரம், போட்டிருப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஒன்று, இரவில் நான்கைந்து டிகிரி இறக்கிக் காலையில் ஏற்றும் வழக்கம் கேஸ் ஃபர்னஸுக்குச் சரி, ஹீட் பம்புக்குச் சரிப்படாது. ஒரேயடியாக ஏற்றச் சொன்னால் அது தன்னால் முடியாது என்று துணைச் சூட்டை, அதாவது மின்சாரக் கம்பிச் சுருளை எரிக்கத் தொடங்கும். மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த அரை மணி நேரத்தில் போய்விடும். ஓரிரு டிகிரிக்கு மேல் இறக்காமல் விடுவதே நல்லது. எந்த வெளி வெப்பநிலைக்குக் கீழே துணைச் சூட்டைச் சேர்க்கலாம் என்று அமைக்க வசதி இருக்கிற தெர்மோஸ்டாட்டையே பாருங்கள். ஈகோபீயில் அது விரிவாக இருக்கிறது. இரண்டு, கேரியர் இன்ஃபினிட்டி, லெனாக்ஸ் ஐகம்ஃபர்ட் மாதிரி, யூனிட்டும் தெர்மோஸ்டாட்டும் தங்களுக்குள் ஒரு தனி மொழியில் பேசிக்கொள்ளும் அமைப்புகள் இருக்கின்றன. அவற்றில் வேறு நிறுவனத்தின் தெர்மோஸ்டாட்டை மாட்டினால், பல வேகங்களில் ஓடக்கூடிய விலை உயர்ந்த இயந்திரம் வெறும் ஆன், ஆஃப் இயந்திரமாகிவிடும். அந்த நிறுவனத்தின் சொந்த வைஃபை தெர்மோஸ்டாட் அழகாக இல்லாவிட்டாலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

சி-வயர் என்கிற தலைவலி

கேஸ் ஃபர்னஸ் வீட்டில் பழைய தெர்மோஸ்டாட்டின் முகத்தை இழுத்துக் கழற்றினால் பின்னால் எழுத்துகள் தெரியும். ஆர் என்பது மின்சாரம் வருவது, டபிள்யூ சூட்டுக்கு, ஒய் ஏசிக்கு, ஜி ஃபேனுக்கு. ஐந்தாவதாக சி என்று ஒன்று இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பழைய தெர்மோஸ்டாட்டுகளுக்கு அது தேவைப்பட்டதில்லை, இரண்டு பேட்டரி போதும். வைஃபையும் திரையும் உள்ள கருவிக்கு நாள் முழுதும் மின்சாரம் வேண்டும், அந்தச் சுற்றை முடிப்பது சி-வயர்தான்.

இல்லையென்று பதற வேண்டாம். பல வீடுகளில் ஐந்தாவது வயர் எதிலும் இணைக்காமல் சுவருக்குள் மடக்கி விடப்பட்டிருக்கும், பெரும்பாலும் நீல நிறம். அதன் மறுமுனை ஃபர்னஸுக்குள் இருக்கிற மின்சுற்றுப் பலகையின் சி முனையில் மாட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். கட்டும்போது கையில் கிடைத்த வயரை மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

வயரே இல்லாத வீட்டில்தான் பிராண்டுகளுக்கிடையே உண்மையான வித்தியாசம் தெரிகிறது. நெஸ்டுக்குள் ஒரு சிறிய பேட்டரி உண்டு. ஃபர்னஸ், ஏசி வயர்களிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை உறிஞ்சி அதை நிரப்பிக்கொள்ளும். பல வீடுகளில் பிரச்சினை இல்லாமல் ஓடும். ஓடாத வீடுகளில் பேட்டரி இறங்கும்போது முதலில் அது அணைப்பது வைஃபையை. அதாவது நீங்கள் எதற்காக வாங்கினீர்களோ அது முதலில் போகும். ஈகோபீயில் இந்த உறிஞ்சும் வேலை இல்லை. அதன் பெட்டியில் வருகிற, அல்லது தனியாக வாங்கக் கிடைக்கிற ஒரு சிறிய இணைப்பானை ஃபர்னஸ் பலகையிலேயே மாட்டினால் இருக்கிற நான்கு வயர்களை வைத்தே சமாளித்துவிடும். ஃபர்னஸைத் திறக்க வேண்டும் என்பது ஒரு சிரமம், ஆனால் ஒருமுறை செய்துவிட்டால் முடிந்தது. சென்சியின் சில மாதிரிகள் சூடும் ஏசியும் சேர்ந்திருக்கிற வீடுகளில் சாதாரண பேட்டரியிலேயே ஓடும். ஃபர்னஸைத் தொட விரும்பாதவர்களுக்கு அது எளிய வழி.

நீங்களே மாட்டுவதென்றால் ஃபர்னஸின் சுவிட்சை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஆர் வயர் தவறிப்போய் சி வயரைத் தொட்டால் ஃபர்னஸ் பலகையில் இருக்கிற சிறிய ஃபியூஸ் போய்விடும். கார்களில் இருக்குமே, அந்த வகை ஃபியூஸ்தான், விலை அற்பம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரவு பூஜ்யத்துக்குக் கீழே 15இல் அது போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வயர்களைக் கழற்றுமுன் ஒரு படம் எடுத்து வைப்பது அவசியம்.

உண்மையில் எவ்வளவு மிச்சமாகும்?

பெட்டியின் மேல் இருக்கிற எண்களைக் கொஞ்சம் உரித்துப் பார்க்க வேண்டும். "26 சதவீதம் வரை" என்கிறது ஈகோபீ. எதோடு ஒப்பிட்டு? இரவும் பகலும் 22 டிகிரியில் அப்படியே வைத்திருக்கிற வீட்டோடு. நெஸ்ட் தன் அறிக்கையில் சூட்டில் 10 முதல் 12 சதவீதம், ஏசியில் 15 சதவீதம் என்றது. அமெரிக்க அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டம் இன்னும் அடக்கமாக, சான்றிதழ் பெற்ற கருவிகளுக்குச் சராசரியாக 8 சதவீதம் என்கிறது. இன்னொரு பக்கம், அமெரிக்க எரிசக்தித் துறை பல ஆண்டுகளாகச் சொல்லி வருவது இது: தினம் 8 மணி நேரம் வெப்பநிலையை 4 முதல் 6 டிகிரி செல்சியஸ் இறக்கி வைத்தாலே ஆண்டுக்கு 10 சதவீதம் வரை மிச்சமாகும். இதற்கு வைஃபை எதுவும் வேண்டாம்.

ஆகவே நீங்கள் ஏற்கெனவே படுக்கப் போகும்போது சூட்டை இறக்குகிறவர் என்றால் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் உங்களுக்குப் புதிதாக ஒன்றும் கொடுக்கப்போவதில்லை. இறக்காதவர் என்றால் கணக்குப் போடலாம். ஆண்டுக்கு 1000 டாலர் சூட்டுக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால் 8 சதவீதம் என்பது 80 டாலர். கேஸ் மீதான கார்பன் வரி, ஒரு கன மீட்டருக்கு 15.25 சென்ட் வரை ஏறியிருந்தது, 2025 ஏப்ரல் 1 முதல் இல்லை. பில் குறைந்தது நல்லதுதான், ஆனால் கருவிக்குப் போட்ட பணம் திரும்ப வரும் காலமும் அதனால் நீண்டுவிட்டது.

ஏசி பக்கம் ஒன்டாரியோவில் இன்னொரு கணக்கு இருக்கிறது. நேரத்துக்கு ஒரு விலை என்ற மின்கட்டணத்தில் கோடை வேலை நாட்களில் காலை 11 முதல் மாலை 5 வரை உச்ச விலை. காலை 11க்கு முன்பே வீட்டை ஒரு டிகிரி கூடுதலாகக் குளிர வைத்துவிட்டு, பிறகு மாலைவரை கொஞ்சம் ஏறவிட்டால் பில் குறையும். அட்டவணையில் இரண்டு வரி சேர்க்கிற வேலைதான். இதையும் கருவி தானாகக் கண்டுபிடிக்கும் என்று காத்திருக்காமல் நீங்களே போட்டுவிடுங்கள்.

நெஸ்டின் "கற்றுக்கொள்ளும்" வித்தையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஒன்பது மணிக்குப் போய் ஐந்து மணிக்கு வருகிற இரண்டு பேர் உள்ள வீட்டில் அது அழகாகக் கற்றுக்கொள்ளும். ஒருவருக்கு இந்த வாரம் இரவு ஷிஃப்ட், அடுத்த வாரம் பகல். பிள்ளைகள் ஒரு நேரம், மாமியார் ஒரு நேரம் என்று ஓடுகிற வீட்டில் அது எதைக் கற்கும்? ஆளாளுக்குத் திருகுவதையெல்லாம் பழக்கம் என்று நினைத்துக்கொண்டு குழம்பும். அந்த வசதியை அணைத்துவிட்டு அட்டவணை போடுவதே மேல். அப்படி அணைப்பதானால் அதற்கு ஏன் கூடுதல் விலை?

மாடி வேகிறது, பேஸ்மென்ட் உறைகிறது

எங்கள் பக்கத்து வீடுகளின் நிரந்தரப் புகார் இதுதான். தெர்மோஸ்டாட் கீழ்த்தளத்து ஹாலிலோ நடைபாதையிலோ இருக்கும். அங்கே 21 வந்ததும் அது திருப்தியாகிவிடும். மேலே குழந்தை படுத்திருக்கிற அறையோ பேஸ்மென்டோ எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

இங்கே ஈகோபீ தெளிவாக முந்துகிறது. 2007இல் டொராண்டோவில் தொடங்கிய நிறுவனம் அது, 2021 முதல் அமெரிக்காவின் ஜெனராக் நிறுவனத்தின் கையில். 2014இல் வந்த ஈகோபீ3 முதலே தனி அறைச் சென்சார்களை அது கொண்டுவந்தது. அவை வெப்பநிலையை மட்டுமல்ல, அறையில் ஆள் இருக்கிறார்களா என்பதையும் பார்க்கின்றன. 2024இல் வந்த நான்காம் தலைமுறை நெஸ்டுடன் ஒரு சென்சார் வருகிறது, அது வெப்பநிலையை மட்டும்தான் பார்க்கும். ஹனிவெல் ஹோமின் டி9 ஆள் நடமாட்டத்தையும் பார்க்கும்.

ஆள் இருப்பதைப் பார்ப்பது ஏன் முக்கியம்? "வெளியே போய்விட்டார்கள்" என்று கருவி தானாக முடிவு செய்யும் வசதியால்தான். கைபேசிகள் எங்கே இருக்கின்றன, தெர்மோஸ்டாட் முன்னால் யாராவது நடந்தார்களா என்பதை வைத்து அது முடிவெடுக்கிறது. ஊரிலிருந்து சூப்பர் விசாவில் வந்திருக்கிற அப்பா அம்மா மாடியறையில் சீரியல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கைபேசியில் அந்த ஆப் இருக்காது. மகனும் மருமகளும் வேலைக்குப் போனதும் தெர்மோஸ்டாட் வீடு காலி என்று முடிவு கட்டி 16க்கு இறக்கிவிடும். பெரியவர்கள் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பிள்ளைகளைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று சொல்லாமல் இருந்துவிடுவார்கள். பகலில் பெரியவர்கள் இருக்கிற வீட்டில் ஒன்று அந்த வசதியை அணைத்து வையுங்கள், அல்லது அவர்கள் அறையில் ஆள் நடமாட்டத்தைப் பார்க்கிற சென்சாரை வையுங்கள்.

சென்சார் ஒரு விஷயத்தைச் செய்யாது, விற்கிறவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். வீட்டில் ஒரே ஃபர்னஸ், ஒரே காற்றுக்குழாய் வரிசை. சென்சார் எத்தனை வைத்தாலும் ஒவ்வோர் அறைக்கும் வேறு வேறு சூடு கிடைக்காது. இரவில் மாடியறைச் சென்சாரைக் கேள் என்று சொன்னால் மாடி சரியாகும், பேஸ்மென்ட் எப்படியோ போகும். எந்த அறையின் குறையைப் பொறுத்துக்கொள்வது என்று தேர்ந்தெடுக்கிற உரிமை மட்டும்தான் கிடைக்கிறது. உண்மையான தீர்வு குழாய்களில் தானியங்கிக் கதவு வைத்து மண்டலமாகப் பிரிப்பது, அது ஆயிரக்கணக்கில் இழுக்கும். அதற்குமுன் செலவே இல்லாத ஒன்றை முயன்று பாருங்கள்: ஃபர்னஸ் எரியாதபோதும் ஃபேன் மணிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும்படி ஆப்பில் வைப்பது. மாடியும் பேஸ்மென்டும் கலந்து வித்தியாசம் கண்கூடாகக் குறையும். ஆள் இல்லாத அறைகளின் காற்றுவழிகளை எல்லாம் மூடி வைக்கிற பழக்கம் வேண்டாம், குழாயில் அழுத்தம் ஏறி ஃபேனுக்குத்தான் கேடு.

பேஸ்மென்டில் வாடகைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒன்டாரியோ சட்டப்படி செப்டம்பர் 1 முதல் ஜூன் 15 வரை வாடகை வீட்டில் குறைந்தது 20 டிகிரி இருக்க வேண்டும். டொராண்டோ நகர விதி 21 என்கிறது. மேலே இருக்கிறவர்கள் வெளியே போனதும் சூடு தானாக இறங்குகிற எந்த அமைப்பும் அந்த வீட்டில் கூடாது. ஒரு சென்சாரைக் கீழே வைத்துவிட்டால் வாய்த்தகராறுக்கு இடமில்லை. எத்தனை டிகிரி என்பதை இருவரும் பார்க்கலாம்.

வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகும்போது

டிசம்பரில் பள்ளி விடுமுறையோடு சேர்த்துச் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய்ப் பொங்கல் முடிந்து திரும்புகிற குடும்பங்கள் எத்தனையோ. ஒரு மாதம் வீடு காலி, வெளியே உறைபனி. தூரத்திலிருந்து பார்க்கிற வசதி தன் விலைக்கு நியாயம் செய்கிற இடம் இதுதான். 15, 16 டிகிரியில் வைத்துவிட்டுப் போகலாம், திரும்பி விமானம் ஏறும்போது ஏற்றிவிடலாம். அதைவிட முக்கியம் எச்சரிக்கை. வீடு 10க்குக் கீழே போனால் செய்தி அனுப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

தெர்மோஸ்டாட்டால் ஃபர்னஸை எரியச் சொல்ல மட்டும்தான் முடியும், எரிய வைக்க முடியாது. புதிய ஃபர்னஸ்களின் புகைக்குழாய் வீட்டின் பக்கச் சுவர் வழியாகப் பிளாஸ்டிக் குழாயாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பனி குவிந்து அது அடைத்தால் ஃபர்னஸ் தானே நின்றுவிடும். ஆறு மாதச் சம்பளம் போல விலை கொடுத்து வாங்கிய தெர்மோஸ்டாட்டானாலும் சென்னையில் இருக்கிற உங்களுக்கு "18, 16, 13..." என்று இறங்கும் எண்களைக் காட்டலாம், போய்ப் பனியை அள்ளாது. மின்சாரம் போனால் இன்னும் மோசம். ஃபர்னஸும் நிற்கும், வைஃபையும் நிற்கும், எச்சரிக்கையும் வராது. ஆப் வெறுமனே ஆஃப்லைன் என்று காட்டும்.

காப்பீட்டையும் பாருங்கள். கனடாவில் பல வீட்டுக் காப்பீட்டுப் பாலிசிகளில், குளிர்காலத்தில் நான்கு நாட்களுக்கு மேல் வீடு காலியாக இருந்து குழாய் உறைந்து வெடித்தால் இழப்பீடு கிடையாது என்று ஒரு வரி இருக்கும். யாராவது தினமும் வந்து சூடு இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும், அல்லது தண்ணீரை மெயினில் அடைத்துக் குழாய்களை வடித்திருக்க வேண்டும். "நான் தினமும் ஆப்பில் பார்த்தேன்" என்பது ஆள் வந்து பார்த்ததாக ஆகுமா என்று உங்கள் புரோக்கரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆகும் என்று எண்ணிக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். ஆகவே சாவியோடு ஓர் ஆள் எப்படியும் வேண்டும். அந்த ஆள் இருந்தால், இந்த வேலைக்கு விலை உயர்ந்த மாடல் தேவையே இல்லை. வைஃபையும் குளிர் எச்சரிக்கையும் இருக்கிற எந்த மலிவான தெர்மோஸ்டாட்டும் போதும்.

சாவி யார் கையில்?

தூரத்திலிருந்து நீங்கள் இயக்கலாம் என்றால் வேறு ஆட்களும் இயக்கலாம். ஒன்டாரியோவின் பீக் பெர்க்ஸ் திட்டம் 2023இல் வந்தது. ஏசி உள்ள வீட்டில் தகுதியான ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டோடு சேர்ந்தால் 75 டாலர், பிறகு ஆண்டுக்கு 20 டாலர். பதிலுக்கு, கோடையில் மின்தேவை உச்சத்துக்குப் போகும் சில நாட்களில் மூன்று மணி நேரம் வரை உங்கள் ஏசியை ஓரிரு டிகிரி ஏற்றி வைப்பார்கள். வேண்டாமென்றால் அந்த நேரத்தில் விலகிக்கொள்ளலாம். எனக்கு இது நியாயமான பேரமாகத்தான் படுகிறது. எல்லாத் திட்டமும் இப்படி இல்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2022 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்காவின் கொலராடோவில் எக்ஸெல் எனர்ஜி என்ற மின் நிறுவனத்தின் இதே மாதிரித் திட்டத்தில் சேர்ந்திருந்த சுமார் 22,000 வீடுகளில், அவசர நிலை என்று தெர்மோஸ்டாட்டைப் பூட்டிவிட்டார்கள். கொளுத்தும் வெயிலில் வீட்டுக்காரர்களால் மாற்ற முடியவில்லை. 2021 ஜூனில் டெக்சஸில், திட்டத்தில் சேர்ந்ததையே மறந்துபோனவர்கள் வீடு ஏன் வேகிறது என்று விழித்தார்கள். சேரும்போது "விலக முடியுமா, எப்போதும் முடியுமா" என்ற ஒரே வரியைத் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வீட்டுக்குள்ளும் இது ஓர் அதிகாரம். ஆப் கணவர் கைபேசியில் மட்டும் இருந்தால் பகல் முழுதும் வீட்டில் இருக்கிற மனைவி, அவர் அனுமதிக்கிற சூட்டில்தான் இருக்க வேண்டும். வீட்டு வன்முறையில் தெர்மோஸ்டாட், கேமரா, பூட்டு எல்லாம் ஆயுதமாவதைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் 2018இலேயே விரிவாக எழுதியது. வாங்குகிற அன்றே வீட்டிலிருக்கும் பெரியவர்கள் எல்லாருடைய கைபேசியிலும் சேர்த்துவிடுங்கள். வாடகைக்கு இருப்பவர் வீடு மாறினால் ஆப்பில் அவருக்குக் கொடுத்த அனுமதியை அன்றே நீக்குங்கள். கடவுச்சொல்லை வேறெங்கும் பயன்படுத்தியதாக வைக்காதீர்கள், இரட்டைச் சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள்.

அப்புறம் நிறுவனம். 2011இலும் 2012இலும் வந்த முதல் இரண்டு தலைமுறை நெஸ்டுகளுக்கான ஆதரவை கூகுள் 2025 அக்டோபர் 25இல் நிறுத்திவிட்டது. சுவரில் கையால் திருகலாம், அட்டவணை ஓடும், ஆனால் கைபேசி இணைப்பு போய்விட்டது. கனடாவில் புதிய நெஸ்ட் வாங்க 160 டாலர் தள்ளுபடி என்றார்கள். ஈகோபீயும் தன் மிகப் பழைய கருவிகளுக்கு 2024இல் இதையே செய்தது. பழைய பாதரசத் தெர்மோஸ்டாட் நாற்பது ஆண்டுகள் ஓடியது. இவற்றின் புத்திசாலித்தனத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான் ஆயுள் என்று கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக் கருவிகளை இணைக்கும் முறைகளான ஆப்பிள் ஹோம்கிட்டோ மேட்டரோ இருக்கிற கருவியானால், நிறுவனத்தின் சர்வர் போனாலும் வீட்டு வைஃபைக்குள் இருந்தாவது இயக்கலாம்.

சரி, யாருக்கு எது?

பகல் முழுதும் வீட்டில் ஆள் இருக்கிறார்கள், குளிர்காலத்தில் எங்கும் போவதில்லை, மாடிக்கும் கீழுக்கும் பெரிய வித்தியாசமில்லை: இருக்கிற புரோகிராமபிள் தெர்மோஸ்டாட்டில் இரவு 18 என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். அது கெட்டுப்போனால் பார்த்துக்கொள்ளலாம்.

ஊருக்குப் போகிறீர்கள், மற்றபடி வீட்டில் குறையில்லை: சென்சி அல்லது ஹனிவெல் ஹோமின் அடிப்படை வைஃபை மாடல், பக்கத்து வீட்டில் ஒரு சாவி. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற உறவுக்காரர்கள் அமேசானின் தெர்மோஸ்டாட்டையும் பார்க்கலாம். 2021இல் 60 டாலருக்கு வந்தது, ஆனால் சி-வயர் கட்டாயம் வேண்டும்.

மாடி, பேஸ்மென்ட், பெரியவர்கள், வாடகைக்காரர் என்று எல்லாமும் இருக்கிற வீட்டுக்கு என் ஓட்டு ஈகோபீக்குத்தான். அதிலும் 2022இல் 250 அமெரிக்க டாலருக்கு வந்த பிரீமியம் மாடல் வேண்டாம். பேசுகிற ஸ்பீக்கரும் காற்றுத் தர அளவீடும் அதில் கூடுதலாக வருகின்றன, சூட்டுக்கு அவை எதையும் சேர்ப்பதில்லை. கீழ் மாடலை வாங்கி, மிச்சமாகும் பணத்தில் கூடுதல் சென்சார்கள் வாங்குங்கள். ஹீட் பம்ப் வீட்டுக்கும் இதுவே, தனி மொழி பேசுகிற அமைப்பாக இல்லாத பட்சத்தில்.

நெஸ்ட் யாருக்கு? வீடு முழுக்க கூகுள் கருவிகள், ஒழுங்கான வேலை நேரம், ஃபர்னஸைத் திறக்க மனமில்லை, சுவரில் அழகாக ஒன்று இருக்க வேண்டும் என்கிறவர்களுக்கு. 280 அமெரிக்க டாலருக்கு வந்த நான்காம் தலைமுறை பார்க்க மிக அழகு, அதை மறுக்க முடியாது.

வாங்குமுன் ஒன்டாரியோவின் மின்சேமிப்புத் திட்டமான சேவ் ஆன் எனர்ஜியின் தள்ளுபடிப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள், தொகையும் தகுதியான மாடல்களும் மாறிக்கொண்டே இருக்கும். மாட்டுவதை அக்டோபர் நடுவிலேயே செய்துவிடுவது நல்லது. ஏதாவது சரியாக வராவிட்டால் பழையதைத் திரும்ப மாட்டிவிட்டு ஆள் வரும்வரை காத்திருக்க அப்போது அவகாசம் இருக்கும். ஜனவரியில் ஹீட்டிங் டெக்னீஷியனைப் பிடிப்பது எளிதல்ல.